மா சூ குளத்து மீன் மட்டும் எப்படிப் பெருசாகுது?

இன்னைக்கு இங்க பர்மாவுல, தன்லியின் ஊர்ல குளத்துக்கரையில நின்னு அசடு வழிஞ்சேன்!

மா சூ என் கொழுந்தனோட பொண்டாட்டி. பர்மாக்காரப் பொண்ணு. எங்க குடும்பத்துக்கு வந்த ஏழு வருஷத்துல என்னை விட நல்லா தமிழ் பேசுறா. (என் வயித்தெரிச்சல் அங்கயே ஆரம்பிச்சிடுச்சு!)

மாமனார் தன்லியின் நிலத்துல ரெண்டு குளம் வெட்டி, எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணுன்னு குடுத்தாரு.

ஒரே நாள்ல, ஒரே ஆளுகிட்ட ஜிலேபி மீன் குஞ்சு வாங்கி குளத்துல விட்டோம்.

நான் ஞாயித்துக்கிழமை தவறாம எங்க வீடு இருக்குற தின்கன்ஜூன்ல இருந்து பஸ் புடிச்சுப் போய் தீனி போடுவேன். ஒரு மீனைக்கூட யாரையும் புடிக்க விடல. எல்லாம் வளரட்டும்னு!

ரெண்டு வருஷம் ஆச்சு. குளம் பூரா மீனு. எல்லாம் உள்ளங்கை சைஸ்!

அவ குளத்து மீனு? தட்டுல வச்சா தலையும் வாலும் வெளிய நிக்குது!

மாமனார் அதைச் சாப்பிட்டுக்கிட்டே, "சூ கைராசிக்காரிம்மா"ன்னாரு. எனக்கு சோறு இறங்கல.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு காரியம் பண்ணேன். (திட்டாதீங்க!)

மா சூ பயா கோயிலுக்கு சாமி கும்பிடப் போயிருந்த நேரம், என் குளத்துப் பொடி மீனை ரெண்டு வாளி அள்ளி அவ குளத்துல கொட்டிட்டேன். அவ போடுற தீனியை இதுங்களும் பங்கு போடட்டுமே!

இன்னைக்கு காலைல போறேன், மா சூ வலை இழுக்குறா. உள்ள முழங்கை நீளத்துக்கு விரால் மீனு! நாலு!

"இது எப்படி உன் குளத்துல?"

"நான்தான் விட்டேன், அமா." (பர்மால அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாங்க.) "ஜிலேபி மீனு குஞ்சு பொரிச்சுக்கிட்டே இருக்கும்ல? பொடிசை விரால் தின்னுடும். மிச்சம் இருக்குறது வயிறு நிறையத் தின்னு பெருசாகும். கறிக்கு நடுவாந்தர மீனாப் பாத்துப் புடிப்பேன். பெருசை முக்கால்வாசி திருப்பி விட்டுடுவேன்."

அப்போ நான் கொட்டின ரெண்டு வாளி?

அவளே சொன்னா. "விராலுக்கு இரை பத்தாம இருந்துச்சு. நீங்க வந்து ரெண்டு வாளி போட்டீங்களாமே, குளத்துக் காவக்காரர் சொன்னாரு. ஜேஜுபே அமா!"ன்னு என் ரெண்டு கையையும் புடிச்சு நன்றி சொல்றா!

கெடுக்கப் போன நான், அவ மீனுக்கு விருந்து வச்சிருக்கேன்!

இப்போ ஜிலேபியைப் பாத்தும் பொறாமை, விராலைப் பாத்தும் பொறாமை.

"சும்மா... ஒரு உதவியா இருக்கட்டுமேன்னு..." உளறினேன்.

அவ ரெண்டு சின்ன விராலை எடுத்து என் குளத்துல விட்டா.

"இனிமே நீங்க வாளி தூக்க வேணாம் அமா. கை வலிக்கும்."

சிரிக்கவே இல்ல. அப்படியே வலையை உதறப் போயிட்டா.

வீட்டுக்கு வந்ததுல இருந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

நீங்களே சொல்லுங்க... அவளுக்குத் தெரியுமா, தெரியாதா?