தெரியாது என்று சொன்ன போதகர்

சில நாட்களுக்கு முன், காலையில் நாகமலை புதுக்கோட்டையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது போதகர் அருள்ராஜின் மகள் அழைத்தாள். "அப்பா போயிட்டாங்க அங்கிள்." நான் ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, போனது.

அவர் பிரசங்கம் செய்த கூட்டங்களில் பல ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவன் நான். அவர் குரலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மைக் கெட்டுப்போனாலும் கடைசி வரிசை வரை எட்டும். தான் நல்ல பேச்சாளர் என்பது அவருக்கும் தெரியும். மேடையேறுமுன் மறக்காமல் தலைசீவிக்கொள்வார். பிறவியிலேயே தாழ்மையானவர் என்று நான் எழுதினால் அவரே சிரிப்பார். அதனால்தான் உசிலம்பட்டி நற்செய்திக் கூட்டத்தில் நடந்தது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அன்று மாலை, "கேட்டது கிடைக்கவில்லையா? குறை உன் விசுவாசத்தில்தான்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து எழுமலையிலிருந்து வந்திருந்த செல்லத்தாய் எழுந்தார். அண்மையில் மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர்.

"ஐயா, எம்மக சாகக் கெடந்தப்ப முழங்கால்லயே கெடந்து ஜெபிச்சேன். எனக்கு எம்புட்டு விசுவாசம் கொறஞ்சுபோச்சு? சொல்லுங்க."

ஒரு வசனத்தைச் சொல்லிச் சமாளிக்க அவரால் முடியும். ஆனால் மேடையைவிட்டு இறங்கி அந்தம்மாள் முன்னால் போய் நின்றார்.

"உங்க மேல கொறை இல்லம்மா. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியல. மன்னிச்சிருங்க."

பிறகு மேடைக்குத் திரும்பி, அதையே மைக்கிலும் சொன்னார். பிரசங்கம் அத்துடன் முடிந்தது.

கூட்டம் நடத்தியவர்களுக்குக் கடும் கோபம். "சனங்க நம்பி வந்துருக்காக. போதகரே தெரியாதுன்னா எப்படி?" என்றார்கள். மறுநாள் மேடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அருள்ராஜ் அன்றும் வந்தார். கூட்டத்தோடு கூட்டமாகத் தரையில் உட்கார்ந்து, கடைசிவரை கேட்டார்.

"கோவம் இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா இம்புட்டு வருசமா, இங்க உக்காந்தா எப்படிக் கேக்கும்னே எனக்குத் தெரியாதே" என்றார்.

அதற்குப்பின் பெரிய மேடைகள் அவரை அழைப்பதைக் குறைத்துக்கொண்டன. அது அவரை வருத்தியது; மறைக்கவில்லை. எழுமலைக்குப் பக்கமாகப் போகும்போதெல்லாம் செல்லத்தாய் வீட்டுக்குப் போய்வந்தார். அங்கே என்னதான் பேசினார் என்பது அடக்கத்தன்றுதான் எனக்குத் தெரிந்தது. கல்லறைத் தோட்டத்தில் செல்லத்தாய் என்னிடம் சொன்னார்: "ஒரு நாளும் பிரசங்கம் பண்ணல. எம்மக எப்படிப் பேசுவா, எதுக்குச் சிரிப்பான்னு கேப்பாரு. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டே இருப்பாரு."

உயிரோடு கடைசியாக அவரை மதுரையில் மருத்துவமனையில் பார்த்தேன். அந்தப் பெரிய குரல் மெலிந்திருந்தது. நெடுநாள் மனத்தில் இருந்ததைக் கேட்டேன்: "அந்தம்மா கேள்விக்கு உங்களுக்கு ஏதாச்சும் பதில் கெடச்சுச்சாண்ணே?"

"இல்லப்பா. போய்த்தான் கேக்கணும்" என்றார்.

பயந்தவர் முகமாக அது இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆவல் அந்த முகத்தில் இருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஆவலைத்தான்.