சிங்கப்பூரில் ஓர் இமயமலை மொட்டு

வியர்வை ஊற்றும் ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செடி வளர்ப்பதுதான் என் பிழைப்பு. வராத பூவுக்காகப் பழியாய்க் கிடந்தவர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். ஏர்கான் போட்டுக் குளிரூட்டிய கண்ணாடி வீட்டில் நான் வளர்ப்பது இமயமலையின் நீல பாப்பி. இந்த மாதத்துக்குள் பூக்காவிட்டால் அந்த இடம் டூலிப்புக்குத்தான் என்று மேனேஜர் மிஸ்டர் டான் சொல்லிவிட்டார். இருந்ததோ ஒரே மொட்டு. அதுவும் வாயைத் திறப்பேனா என்று அழிச்சாட்டியம் பண்ணியது.

எங்கே முளைக்கும்?

செடிக்குப் பக்கத்தில் அது விளையும் இடங்களைக் காட்டும் வரைபடம் இருக்கிறது. பூடான், திபெத் ஓரமாக நாலைந்து நீலப் புள்ளிகள், அவ்வளவுதான். பூன் லேயிலிருந்து மனைவியோடு சுற்றிப் பார்க்க வந்த ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். கீழே இறங்கினால் சூடு தாங்காது, மேலே ஏறினால் பனி மூடிவிடும், நடுவில் ஒரு பட்டையில்தான் இது பிழைக்கும் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்: "பாத்தியா? நான் ஏர்கானைக் கூட்டி வச்சா மட்டும் சண்டைக்கு வர்ற. இந்தச் செடிக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்ல லா!"

மச்சான் வந்தார்

லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன் ஒருநாள் வந்து மொட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாசம் உண்டா என்றார். இல்லை என்றேன். சரம் கட்டலாமா? தொட்டாலே இதழ் கசங்கிவிடும். சாமிக்கு வைக்கலாமா? பறிக்கவே கூடாது. மனுஷர் என்னைப் பாவமாகப் பார்த்தார்: "அப்ப இதுக்கா மாப்ளே நீங்க சோறு தண்ணி இல்லாம கெடக்கிறீங்க?"

பூஞ்சை நோய்

புக்கிட் பாத்தோக்கிலிருந்து வந்து என்கூட வேலை பார்க்கும் செல்வி அக்காவுக்கு என் வாடின முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். புது ஃபிரிட்ஜுக்கே வைக்கிறோம், அதே கைப்பழக்கம். காலையில் சுற்றிவந்த மிஸ்டர் டான், மஞ்சளும் சிவப்புமாகத் தூளைப் பார்த்து, பூஞ்சை நோய் என்று அலறி, தொட்டியைத் தனி அறைக்குத் தூக்கச் சொல்லிவிட்டார். இடம் மாறிய அதிர்ச்சியில் மொட்டு உதிர்ந்தால் எல்லாம் போச்சே! அக்காவோ அசரவில்லை. அவர் சொன்னதை மிஸ்டர் டானுக்கு எப்படி மொழிபெயர்ப்பது என்று நான்தான் முழித்தேன்: "நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல பாஸ், பொட்டுதான் வச்சேன். நம்ம வளர்க்கிற பிள்ளை, நெத்தி காலியா இருந்தா நல்லாவா இருக்கு?"

தனி அறை

எப்படியோ சொல்லிப் புரியவைத்தும் தொட்டி தனிக் குளிர் அறைக்குப் போனது போனதுதான். அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. கதவைத் திறந்து மூட யாரும் இல்லாததால் குளிர் கொஞ்சமும் குறையவில்லை. அந்த வாரமே மொட்டு விரிந்தது. அடேயப்பா, என்ன நீலம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்? எல்லாம் குளிரின் வேலை என்று மிஸ்டர் டானிடம் விளக்கினேன். அவர் பூவைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், டூலிப் வேண்டாம் என்று ஃபோன் போட்டார். பிறகு என்னைத் தாண்டிப் போய் அக்காவிடம் சொன்னார்: "செல்வி, நெக்ஸ்ட் இயர் புட் பொட்டு இயர்லியர், கேன்?"

பாடுபட்டது நானும் ஏர்கானும், பெயர் வாங்கியது அக்கா. செடி தப்பித்ததே, எனக்கு அது போதும் சாமி!