சர்க்கார் வேண்டாமென்ற பஸ்பம்

முத்து பஸ்பம் என்று விற்பதெல்லாம் வெறும் கிளிஞ்சல் சுண்ணாம்பு, யாரும் வாங்கித் தின்னக் கூடாது என்று தண்டோரா போட்ட அன்றுதான் எங்கள் தெருவில் அந்தப் பஸ்பம் அமோகமாக விற்றது. சண்டைக்காலம். அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன். சர்க்கார் கை வைத்த பொருளெல்லாம் உசத்தி என்று சனங்கள் கண்டு வைத்திருந்தார்கள். தண்டோரா போட்டவரே தப்பு மேளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, அது எங்கன கிடைக்கி?" என்று என் சித்தப்பாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

"பாத்தியளா மதினி, நல்ல சரக்குன்னாத்தான் தடுப்பான்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே சித்தப்பா பஸ்பப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

அக்கா முறைக்காய்ச்சலில் கிடந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வந்து அவளைப் போட்டு உலுக்கும். கொழும்புக் கடையில் இருந்த அப்பா வர வழியில்லை; வீட்டில் சித்தப்பா சொல்தான் சட்டம். ஆஸ்பத்திரி என்று அம்மா வாயெடுத்தாலே, "கொமருப்பிள்ளைய அங்கன கொண்டு கிடத்தவா? அண்ணன் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்பார். சங்கு குளிக்கும் தோணியில் போகிறவர், முத்துச் சிப்பியைக் கையால் எடுத்தவர். முத்தைப் பற்றி அவரிடம் யார் பேசுவது?

நான் பேசினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தண்டோராவில் சொன்னது நிஜம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று வாத்தியார் அனுப்பியிருந்தார். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏலே, ஒங்க வாத்தியார் என்னைக்குலே கடல்ல முங்குனாரு?"

நான் அடுக்களைக்கு அம்மாவிடம் போனேன்.

தேனில் குழைக்கும் முன் அம்மா பஸ்பத்தைத் துளி எடுத்து நாக்கில் வைத்தாள். தினமும் வெற்றிலை போடுகிற நாக்கு. முகம் ஒரு மாதிரி ஆனது. "சாயந்திரம் குடுக்கேன்" என்றாள். சித்தப்பா தோணியேறப் போனதும் பொட்டலத்தை அப்படியே தன் சுண்ணாம்பு டப்பாவில் தட்டிவிட்டு, அக்காவைக் குதிரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாங்கள் கொண்டுபோன சீசாவிலேயே கசப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். நாலைந்து வேளையில் குளிர் நின்றது.

நாலு நாள் கழித்துச் சித்தப்பா கடலிலிருந்து திரும்பி வந்தபோது அக்கா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவர் கண் கலங்கிவிட்டது. "முத்து கைவிடலை பாத்தியளா!" என்றார். அம்மா, "ஆமா" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனதை அவள் சொல்லவே இல்லை. தெரு முழுக்க அவர் சொல்லிவிட்டார்.

மறுநாளே பக்கத்து வீட்டு அத்தை, காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்பம் கேட்டு வந்தாள். சித்தப்பா வாசலில் பெருமையாக நின்றார். இப்போதாவது அம்மா உண்மையைச் சொல்லுவாள் என்று நான் அவள் வாயையே பார்த்தேன்.

"ஏளா, வெறும் பஸ்பம் கேக்காது" என்றாள் அம்மா. "மொதல்ல ஆஸ்பத்திரித் தண்ணி உள்ள போவணும். அது கேட்டு, காய்ச்சல் விட்ட பொறவுதான் முத்து. முந்திக் குடுத்தா முத்துக்கு ஆவாது. இப்பமே கிளம்பு, நானும் வாரேன்."

சித்தப்பாவும், "பத்தியம் அப்படித்தான்" என்று தலையாட்டினார்.

இரண்டு பேரும் பிள்ளையோடு வண்டி பிடிக்க ஓடினார்கள். எங்கள் அம்மா இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாளே, வாத்தியார் கேட்டால் என்ன சொல்வது என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன்.