கான்ட்ராக்ட் ஃபிட்டரும் வீட்டுக்கடனும்

வீட்டுக்கடன் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது சேகர் விஷயத்தைத்தான். ஈஎம்ஐ கணக்கு, கிரெடிட் ஸ்கோர் எல்லாம் கம்ப்யூட்டரே சொல்லிக்கொடுத்துவிடும். இதை அது சொல்லாது.

நெகட்டிவ்

அப்போது நான் திருவொற்றியூர் கிளையில் கடன் அதிகாரி. ஒரு நாள் காலை எங்கள் மேலாளர் ஒரு ஃபைலை என் மேசையில் போட்டார்.

"மேடம், இதுக்கு வெரிஃபிகேஷன் ரிப்போர்ட் நெகட்டிவ். வேலை செய்யறதா சொன்ன இடத்துலயே ஆளைத் தெரியாதுங்கறாங்க. சம்பள ஸ்லிப் போலியா இருக்கும். ரிஜெக்ட் பண்ணிடுங்க."

விண்ணப்பம் சேகர், அமுதா என்ற கணவன் மனைவியுடையது. அமுதா அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன், நிரந்தர வேலை. சேகர் மணலியில் ஓர் ஆலையில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். வியாசர்பாடி குடியிருப்பில் ஒற்றை அறை வீடு, இரண்டு பெண்கள். பெரியவள் மாடிப்படியில் உட்கார்ந்துதான் படிக்கிறாள் என்று அமுதா முதல் நாளே சொல்லியிருந்தார். இரண்டு சம்பளத்தையும் சேர்த்தால் விம்கோ நகரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் வாங்கக் கடன் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு.

எனக்கு மேலாளர் சொன்னது ஒட்டவில்லை. எட்டு வருஷமாக மாதாமாதம் சேகர் அக்கவுன்ட்டில் சம்பளம் ஏறியிருக்கிறது. போலி ஸ்லிப் அடிக்கிறவன் சம்பளத்தையுமா அடிப்பான்? என்ன, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் சம்பளம் போடும் கம்பெனியின் பெயர் மட்டும் மாறியிருந்தது. எண்ணூர், மணலி பக்கம் அது சகஜம். டெண்டர் வேறு கான்ட்ராக்டர் கைக்குப் போகும். ஆட்கள் அதே பம்ப், அதே பைப்லைனில் நிற்பார்கள். சட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயர்தான் மாறும்.

சேகருக்கு போன் செய்யலாம் என்று எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரே வந்து நின்றார். யூனிஃபார்ம் சட்டை, முகமெல்லாம் வியர்வை.

"யாரு மேடம் எங்க கான்ட்ராக்டருக்குப் போன் போட்டது?"

"எங்க வெரிஃபிகேஷன் ஏஜென்சி. எல்லாருக்கும் பண்றதுதான். ஏன்?"

"காலைல ஆலை கேட்டாண்ட போனா உள்ள விடல. சூப்பர்வைசர் கேக்கறாரு, 'இன்னா நைனா, பர்மனென்ட் கேட்டு கேஸ் போடப் போறியாமே'ன்னு. நான் வூடு வாங்கலாம்னு பார்த்தா, கீற வேலைக்கே வேட்டு வச்சுட்டீங்களே மேடம்!"

நான் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

"லோனே வேணாம். ஃபைலக் குடுத்துருங்க, நான் பூட்றேன்."

எட்டு வருஷம்

தகவல் கேட்டு அமுதா டியூட்டியிலிருந்து அரைநாள் லீவு போட்டு ஓடி வந்தார். வந்தவுடன் புருஷனைப் பார்த்து, "இன்னாய்யா, மேடமாண்ட கத்திகினுகீற? உன் கான்ட்ராக்டராண்ட கத்து" என்றார். சேகர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"கான்ட்ராக்டர்கிட்ட நான் பேசட்டுமா?" என்று சேகரைக் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். அமுதா தலையாட்டிய பிறகு எண்ணைக் கொடுத்தார்.

கான்ட்ராக்டர் மரியாதையான மனிதர்தான். வங்கி என்றதும் குரல் மாறவில்லை, ஒளிவுமறைவும் இல்லை.

"மேடம், சேகர் நல்ல ஃபிட்டர். ஆனா உங்க ஆளு என்ன கேட்டான் தெரியுமா? 'எட்டு வருஷமா அதே ஆலைல தொடர்ந்து வேலை செய்யறாரா, ஆமான்னா மெயில் அனுப்புங்க'ன்னு கேட்டான். நான் அப்படி எழுதிக் கொடுத்தா, நாளைக்கு அதையே காட்டி அவன் ஆலைகிட்ட நிரந்தர வேலை கேப்பான். என் கான்ட்ராக்ட் போயிடும். அதான் தெரியாதுன்னு சொல்லச் சொன்னேன்."

"அவர் கேட்டது வீடு சார்."

"நீங்க சொல்றீங்க. பேப்பர் சொல்லாதே."

இனி வங்கியிலிருந்து ஒரு வரிகூட எழுதிக் கேட்க மாட்டோம் என்று உறுதி கொடுத்தேன். கான்ட்ராக்டர், "நாளைக்கு டூட்டிக்கு வரச் சொல்லுங்க" என்றார். சேகருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கும்தான்.

துணை விண்ணப்பதாரர்

வேலை தப்பியது. வீடு? கம்பெனி உறுதி செய்யாத வருமானத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது விதி. மேலாளரிடம் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியும் அது அசையவில்லை. போலி இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். அமுதா சம்பளத்துக்கு மட்டும் போட்டுப் பார்த்தால், அதே கட்டடத்தில் ரயில் தண்டவாளப் பக்கம் இருந்த ஒரு பெட்ரூம் ஃபிளாட்டுக்குத்தான் கடன் வந்தது.

"அந்த ரூம் பசங்களுக்கு. நாங்க ஹால்ல படுத்துக்குவோம்" என்றார் அமுதா. "ஆனா வூடு ரெண்டு பேர்லதான் மேடம் எழுதணும். ஈஎம்ஐ கட்டப் போறதுல பாதி அவரு ஒழைப்பு."

சொத்தில் பெயர் வேண்டுமென்றால் கடனிலும் பெயர் வேண்டும். வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் துணை விண்ணப்பதாரராகச் சேர்க்க வழி இருக்கிறது. அப்படியே செய்தேன். கையெழுத்துப் போடும் நாளில் சேகர் தன் பெயருக்கு எதிரே இருந்ததை விரல் வைத்துப் படித்தார்.

"வருமானம்னு போட்டு எதிர்க்க பூஜ்யம்னு கீதே மேடம்?"

கணக்கில் எடுக்காவிட்டால் எங்கள் சிஸ்டத்தில் அப்படித்தான் போட வேண்டும் என்று விளக்கினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் சிரித்துவிட்டார்.

"வேலைக்குப் போறேன்னு சொன்னா வேலை பூடும். சம்பளமே இல்லன்னா வூடு கிடைக்குது. போடறேன் மேடம், எங்க போடணும்?"

அமுதா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து என் மேசையில் ஒரு வழக்கம். கான்ட்ராக்ட் தொழிலாளி விண்ணப்பம் வந்தால், ஏஜென்சிக்கு அனுப்பும் முன் அவரைக் கூப்பிட்டு, "யாரைக் கேக்கலாம், என்ன கேக்கக் கூடாது?" என்று கேட்டுவிடுவேன். சிலர் ஒரு சூப்பர்வைசர் பெயர் சொல்வார்கள். பலர், "யாரையும் கேக்காதீங்க மேடம், எங்க வூட்டுக்காரம்மா சம்பளத்தை மட்டும் எடுத்துக்கங்க" என்பார்கள். நீங்களும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவர்கள் பெயருக்கு எதிரே நான் பூஜ்யம் என்று டைப் செய்யும் நேரத்தில், பெரும்பாலும் அவர்கள் ஷிஃப்டில் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.