ரத்தத்தில் தெரிந்த பத்தியம்

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. பிறந்த இரண்டாம் மாதத்திலேயே, பித்தம் இறங்கும் வழி அடைபட்டிருக்கிறது என்று சென்னையில் அறுவை செய்திருந்தார்கள். பித்தம் ஓரளவு இறங்கியது, ஈரல் தேறவில்லை. கண்ணில் மஞ்சள் வருவதும் போவதுமாக இருந்தது.

மஞ்சள் என்றால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்தது பத்தியம்தான். எண்ணெய் ஆகாது, முட்டை ஆகாது, மீன் ஆகாது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானே பயந்துபோய் கஞ்சி, மோர்ச்சோறு, இட்லி என்று அவளை வளர்த்தேன். பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் மூக்கை உறிஞ்சுவாள். நான் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே சன்னலைச் சாத்துவேன்.

அங்கன்வாடியில் மாதா மாதம் எடை பார்த்தார்கள். ஆறு மாதத்தில் ஒன்றரை கிலோ ஏறியிருந்தாள். வயிறும் உப்பியிருந்தது. சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று என் கணவர் எங்கள் ஊரான பெருநகர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டயட்டீஷியன் அம்மாவிடம் எடை அட்டையைப் பெருமையாக நீட்டினேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு மகளின் மேல்கையை டேப்பால் சுற்றி அளந்தார். பிறகு ரத்தம் எடுக்க அனுப்பினார்.

ஊசியோடு வந்த நர்ஸிடம் மகள் பேரம் பேசினாள். "இது சாப்புட்ற கை. இதுல குத்தாத. அந்தக் கையில குத்திக்கோ. அழுதுக்கினே காட்றேன், பரவால்லியா?"

சொன்னபடியே அழுதுகொண்டே கையைக் காட்டினாள்.

மறுவாரம் முடிவுகள் வந்தன. டயட்டீஷியன் அம்மா பொறுமையாகச் சொன்னார்.

"ஆல்புமின்னு ஒரு புரதம் குறைவா இருக்கு. அதை ஈரல்தான் செய்யணும், அதனால சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனா ஏ, டி, ஈ மூணு வைட்டமினும் ரொம்பக் கீழே இருக்கு. கையும் மெலிஞ்சிருக்கு."

"எட ஏறிக்கினுதானே கீது, மேடம்?" என்றார் கணவர்.

"அது வயித்துல சேர்ந்த தண்ணிங்க. சதை இல்லை. பாப்பாவுக்கு என்ன குடுக்கறீங்க?"

நான் பத்தியத்தைச் சொன்னேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயத்துல செஞ்சிருக்கீங்க. இனிமே உப்பை மட்டும் குறைங்க. முட்டை, மீன், பருப்பு எல்லாம் குடுங்க. சோத்துல தேங்காய் எண்ணெய் ஊத்துங்க, மத்த எண்ணெயைவிட அது அவளுக்குச் சுலபமா செரிக்கும். வைட்டமினுக்கு மருந்து தர்றோம்."

வெளியே வந்து தூணோரம் நின்று அழுதேன். என் கையாலேயே பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறேன். கணவர் கேன்டீனுக்குப் போய் இரண்டு அவித்த முட்டை வாங்கி வந்தார். மகள் முட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"துன்லாமா, அம்மா?"

"துன்னு கண்ணு."

இரண்டையும் தின்றுவிட்டு, உதட்டில் மஞ்சள் கரு ஒட்டியிருக்க, "நைனா, இன்னொண்ணு கீதா?" என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நீர் இறங்க மருந்து கொடுத்தார்கள். அடுத்த மாதம் எடை குறைந்தது. "இன்னாம்மா, கொயந்த இப்டி எளச்சிப் போச்சி?" என்று அங்கன்வாடி டீச்சர் பதறினார்.

"வயித்துத் தண்ணி வடிஞ்சிருக்கு டீச்சர். கையப் புடிச்சிப் பாருங்க," என்றேன். அவர் பிடித்துப் பார்த்தார். கை கொஞ்சம் தேறியிருந்தது.

நான்கு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் வைட்டமின்கள் ஏறியிருந்தன. ஆல்புமின் துளிதான் ஏறியது. என்றைக்கானாலும் ஈரலை மாற்றத்தான் வேண்டும், அதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும் என்றார் டாக்டர். தெம்பு சேர ஒரு வருஷம் ஆனது. கணவர் தன் ஈரலில் ஒரு துண்டைக் கொடுத்தார்.

இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. மருந்தும் ரத்தப் பரிசோதனையும் இன்னும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் சட்டையைத் தூக்கிக்கொண்டு, யாருடைய தழும்பு நீளம் என்று சண்டை போடுகிறார்கள். தீர்ப்பு சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். நான் எப்போதும் அவள் பக்கம்தான்.