லாசரஸ் ஓட்டுவது பஸ்தான்

ஓட்டுநர் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டு, சீப்பைச் சட்டைப்பையில் செருகிவிட்டுத்தான் லாசரஸ் சாவியைத் திருப்புகிறார். பொழிச்சலூர்ப் பெண்களைத் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தையல் கம்பெனிக்கு ஏற்றிப்போகும் தனியார் கோச் அவருடையது. ஓட்டுவது மட்டும்தான் அவர், முதலாளி வேறு. யாராவது "வேன் வந்துடுச்சு" என்றால் கதவு திறக்காது. "வேன்னா காய்கறி ஏத்துறது. இது பஸ்ஸு" என்று திருத்திய பிறகே திறக்கும்.

கனத்த உடம்பு, சன்னமான குரல். பிரேக்கை மிதிக்கும் முன் "புடிச்சிக்கோங்கம்மா" என்று சொல்லத் தவறமாட்டார். தான் சொல்வது தப்பாக இருக்கலாம் என்ற யோசனை அவருக்கு வந்து யாரும் பார்த்ததில்லை.

மழை விட்டதும் ஜி.எஸ்.டி. சாலையில் வேலை தொடங்கியது. குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை இடது ஓரமாகத் தார் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தி, 'பேருந்துகள் மட்டும்' என்று பலகை வைத்தார்கள். லாரிகளும் கார்களும் நெருக்கியடித்து நிற்க, டவுன் பஸ்கள் அந்த ஓரத்தில் தடையில்லாமல் ஓடின. முதல் நாளே லாசரஸும் நுழைந்துவிட்டார்.

காவலர் கஸ்தூரிரங்கன் மறித்தார். அரசு பஸ்ஸுக்கு மட்டுமே இந்த வழி என்றார். லாசரஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே பலகையைக் காட்டினார். "படிச்சுப் பாரு சார். பேருந்துன்னுதான் போட்டுகீது. கவர்மென்ட்டுன்னு எங்க கீது?"

பேச்சு வளர்ந்து, லைசென்ஸ் காவலரின் சட்டைப்பைக்குப் போனது. கோச் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி கேட்டை மூடிவிட்டார்கள். பெண்கள் அத்தனை பேருக்கும் அரை நாள் கூலி போயிற்று. தப்பு தன்னுடையது என்று லாசரஸ் மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தார், கேட் திறக்கவில்லை. சாலையோரம் நின்ற பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அபராதம் கட்டி லைசென்ஸை மீட்டதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையில், போக்குவரத்து ஆய்வாளரைப் பார்க்கப் போனார். தினமும் முன்சீட்டில் வரும் சரசுவும் கூட வந்தாள். உங்களை விட்டால் நாளைக்குக் கல்யாணப் பார்ட்டி வண்டியெல்லாம் வந்து நிற்கும் என்றார் ஆய்வாளர். லாசரஸ் மறுபடியும் பலகையைப் பற்றிப் பேச ஆரம்பிக்க, ஆய்வாளர் இன்னொரு அபராதம் எழுதப்போவதுபோல் கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்தார்.

சரசு குறுக்கே பேசினாள். "சார், இது பஸ்ஸா இல்லையான்னு நீங்களே வச்சுக்கோங்க. இத்த நிறுத்திட்டா நாங்க அம்பது பேரும் டவுன் பஸ்லதான் ஏறணும். அதுல கால் வைக்க எடம் கீதா?"

ஆய்வாளர் பேனாவை மூடினார். பிறகு, கம்பெனி வண்டிகள் காலையில் அந்த வழியாகப் போகலாம் என்று சொல்லியனுப்பினார்.

திங்கட்கிழமை கஸ்தூரிரங்கனே பீப்பாயை நகர்த்தி வழிவிட்டார். கேட் திறந்திருக்கும்போதே பெண்கள் உள்ளே போனார்கள். அவர்களை இறக்கிவிட்டு, கோச்சை நிறுத்திவைக்கத் தாம்பரம் பக்கம் கிளம்பினார் லாசரஸ். சானடோரியம் நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்த நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்ற இன்னொரு காவலர், பஸ் வழிக்குள்ளேயே வரலாம் என்று கை காட்டினார். லாசரஸ் திரும்பி, பின்னால் காலியாக இருந்த சீட்டுகளை ஒருமுறை பார்த்தார். பிறகு வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, செங்கல் லாரிக்காரரிடம் கொஞ்சம் இடம் கேட்டு, அந்த லாரியின் முன்னால் நெரிசலுக்குள் வண்டியைச் செருகிக்கொண்டார்.