மகள் வாசித்த கேள்விகள்

பாலக்காட்டுச் சிகிச்சை மையத்தில் என்னைச் சேர்த்த மூன்றாம் நாள் காலை ஒரு கேள்வித்தாளை நீட்டினார்கள். என் குணம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளத்தானாம். முழுக்க மலையாளம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். மலையாளம் நன்றாகப் பேசுவேன், படிக்கச் சொன்னால் பஸ் போர்டோடு சரி. நர்ஸ் என் மகளிடம் பேனாவைக் கொடுத்தாள். என்னை அங்கே கூட்டிவந்தவளே அவள்தான், மலையாளத்தில் படித்தவள். கேள்வியை வாசித்து, அம்மா சொல்வதைக் குறித்தால் போதுமாம். ஆம் என்றால் இடது கட்டம், இல்லை என்றால் வலது.

பெற்ற மகள் கேட்க, என் குணத்தை நானே சொல்ல வேண்டும். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஊரில் எனக்கொரு பேர் உண்டு, பொய் சொல்லத் தெரியாதவள் என்று. பங்காளிகளுக்குள் வாய்க்கால் தகராறு வந்தால், யார் முதலில் மடையைத் திறந்தது என்று என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குத் திமிரும் இருந்தது. யாராவது புளுகினால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். மகளும் என்னை மாதிரிதான் என்று பீற்றிக்கொள்வேன்.

கர்ப்பப்பையை எடுத்த பிறகு தூக்கமில்லாமல் கிடந்தபோது, டாக்டர் பத்து நாளைக்கு ஒரு மாத்திரை எழுதினார். நான் நாலு வருஷம் தின்றேன். உள்ளூர்க் கடையில் முகம் சுளிக்கத் தொடங்கியதும் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் பல் வலி என்று சொல்லிக்கொண்டேன். வாயில் இருக்கும் பல்லைவிட அதிகமாக வைத்தியம் பார்த்தாயிற்று. அங்கேயும் கடைக்காரர் ஒருநாள், இத்தனை நாளாக இது யாருக்கு என்று கேட்டார். வலிப்புக்கும் அதே மாத்திரை தருவார்கள் என்று எனக்குத் தெரியும். மகளுக்கு என்றேன். சின்ன வயதிலிருந்தே வலிப்பு என்றேன். முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கு வாய் கூசவில்லை. இன்றைக்கு எழுதக் கை கூசுகிறது.

அடுத்த வருஷம் அவளுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு, வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர் அவர்களுக்கு நெருங்கிய சொந்தம் என்று தரகர் பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்கு எல்லாம் விளங்கியது. மகள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டு ஆறுதல் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். சீக்கிரம் கோபம் வருமா? வரும். தனியாக இருக்கப் பிடிக்குமா? பிடிக்கும். உங்கள் தேவைக்காக அடுத்தவரைப் பற்றிப் பொய் சொன்னதுண்டா?

இல்லை என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் பழகிப்போயிருந்தது. அவள் நிமிராமல் வலது கட்டத்தில் குறித்துவிட்டு அடுத்ததை வாசித்தாள். அது என் காதில் ஏறவில்லை.

"கண்ணு, அதை மாத்திப்போடு. ஆமான்னு போடு" என்றேன். தலையைக் குனிந்தபடி, கடையில் சொன்னதை ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன்.

அவள் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"தெரியுமுங்கம்மா. அந்த மாப்பிள்ளையே போன் பண்ணி, உனக்கு வலிப்பு இருக்குதான்னு கேட்டாருங்க."

நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"இருக்குதுன்னு சொல்லிப்போட்டனுங்க. இல்லீன்னா, அப்புறம் உங்கம்மா யாருக்கு மாத்திரை வாங்கறாங்கன்னு கேப்பாருல்லங்க."

எனக்குத் தெரிந்து அவள் சொன்ன ஒரே பொய் அதுதான். தாளை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினாள். வலது கட்டத்தை அடித்துவிட்டு இடது கட்டத்தில் நானே குறித்தேன். கை ஏன் இப்படி நடுங்குகிறது என்று நர்ஸ் கேட்டாள். மாத்திரையை நிறுத்தியதால் இருக்கும் என்றேன். அதுவும் பொய்தான்.